சங்கத்தின் முகவரி உங்கள் வீடாக இருந்தால்

பெங்களூரில் இயங்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவற்றில், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு குடும்பம்தான் தூக்கிச் சுமக்கிறது. கணவர் பொருளாளர். அதே கல்லூரியில் ஜூனியராக இருந்த மனைவி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்ப்பார். அந்தக் கல்லூரிப் படியே ஏறாத மகள், உறுப்பினர் பட்டியலைக் கவனித்துக்கொள்வாள். முப்பது வருடம் ஓசையில்லாமல் ஓடும். அந்தக் குடும்பம் வீடு மாறும்போதுதான் தெரியும், பதிவு முகவரி, பான் அட்டையோடு இணைத்த கைபேசி, வங்கி ஓடிபி எல்லாம் ஒரே வாசலுக்குள் இருந்தது என்று.

காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. நம்பிக்கைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவரும் ஒரே வாரம் ஊருக்குப் போவார்கள், அவ்வளவுதான். மின்னஞ்சல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியட்டும். 1960ஆம் வருடத்துக் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் பதிவாளரிடம் போக வேண்டும். இது விட்டுப்போனால், புதிய பொருளாளர் பெயரை வங்கியில் மாற்றப் போகும்போது அங்கே மாட்டிக்கொள்ளும்.

பணம் வாங்குவதில் முதல் தவறு, யாரோ ஒருவரின் சொந்த யூபிஐ எண்ணுக்கு வாங்குவது. க்யூஆர் குறியீடு சங்கக் கணக்குடையதாகவே இருக்க வேண்டும். பணம் வந்த அன்றே பெயர், பான், முகவரி, எதற்காகத் தருகிறார் என்ற நான்கையும் எழுதி வாங்கிவிடுங்கள். மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். அதன் பிறகு கிடைக்கும் சான்றிதழ்தான் 80ஜிக்கு, அதாவது நன்கொடை கொடுத்தவருக்குக் கிடைக்கும் வரி விலக்குக்கு, செல்லும்; நாம் கிழித்துக் கொடுக்கும் ரசீது மட்டும் போதாது. ஏப்ரல் கடைசியில் பான் எண் கேட்டு வாட்ஸ்அப்பில் கெஞ்சுவது இதனால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கோ 80ஜியே கிடையாது. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதிதான் பலரும் கணக்குத் தவறும் இடம். அப்பா பெயரில் உதவித்தொகை வைக்க ஒரு குடும்பம் 10 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இது மூலநிதிக்கு’ என்று அவர்கள் எழுதித் தந்த கடிதம் இல்லாவிட்டால், அந்த 10 லட்சமும் அந்த வருட வருமானத்தில் சேர்ந்துவிடும். கடிதம் இருந்து, வங்கி வைப்பில் 7 சதவீத வட்டி கிடைத்தால் வருடம் 70,000. அதை முழுக்கக் கொடுத்தால் பத்து வருடத்தில் விலைவாசி அதைத் தின்றுவிடும். 20,000 ரூபாயைத் திரும்ப வைப்பில் போடலாம் என்று தோன்றும்; ஆனால் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும் என்பது விதி. கேள்வியில்லாமல் ஒதுக்கக்கூடியது 10,500 மட்டுமே. அதைத் தவறாமல் ஒதுக்குங்கள். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் எதற்காக, எத்தனை வருடம் என்று தனிப் படிவம் தர வேண்டும். நிதி கொடுத்த குடும்பத்தின் உறவுப் பிள்ளைக்கே அந்தத் தொகை போவது வேண்டவே வேண்டாம். வரி விலக்குக்கே ஆபத்து, ஊர்ப் பேச்சு தனி.

அமெரிக்காவில் இருக்கும் பேட்ச் நண்பர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், எந்த நாட்டில் சம்பாதித்தாலும் வங்கி வழியாக அவர் அனுப்புவது சாதாரண நன்கொடை. குடியுரிமை மாறி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிவிட்டால் அதே மனிதரின் அதே ஆயிரம் ரூபாய் வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. சிறிய சங்கங்களுக்கு இது கட்டுப்படியாகாது. ‘தம்பி கணக்கில் போட்டுவிடுகிறேன், அவன் கொடுப்பான்’ என்பார்கள். வேண்டாம். குடியுரிமையை வருடா வருடம் கேட்க வேண்டும். போன வருடம் ஒரு பதில் சொன்னவர் இந்த வருடம் வேறு சொல்லலாம்.

உதவித்தொகையில் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே கொடுப்பதையே நாமும் கொடுத்துக்கொண்டிருப்போம். கலந்தாய்வில் சேர்ந்த முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவருக்கு விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவற்றில் எதிலும் சேராமல் நிற்பவர் யார், அவருக்கு மெஸ் பாக்கியா, லேப்டாப்பா, தேர்வுக் கட்டணமா என்று கேட்ட பிறகே தொகையை முடிவு செய்யலாம். கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். மாணவரிடம் நேரில் கேட்டால் கூச்சத்தில் ‘பரவாயில்லை சார்’ என்றுவிடுவார்.

கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொங்கலன்று வைக்காதீர்கள், பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். ஜனவரி கடைசி ஞாயிறு சரி. நகரின் ஓரத்து ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் நடுவிலுள்ள அல்சூருக்கு வந்து சேர ஞாயிறு காலைதான் தோது. முன்பணம் வாங்காமல் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொன்னால், மிஞ்சிய பிசிபேளாபாத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதும் அந்தக் குடும்பம்தான்.

பொறுப்பை மாற்றுவதை மார்ச் 31க்குப் பிறகு வைக்காதீர்கள். கணக்கு முடிக்கும் அந்த மாதம் பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்தே உட்காரட்டும். பான் அட்டை, பதிவுச் சான்றிதழ், 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கான வரி விலக்கு), 80ஜி ஆணைகள், வைப்பு ரசீதுகள், மூலநிதிக் கடிதங்கள் ஒரு பெட்டியில். அவற்றின் ஸ்கேன் பிரதிகள் சங்க மின்னஞ்சலில். மூலநிதிக் கடிதங்களைத்தான் முதலில் எண்ணிப் பாருங்கள். தொலைவது எப்போதும் அவைதான்.