எண்பது கடந்த ஆச்சிமாரின் மார்புப் புண்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து மார்பகப் புற்றுநோயோடு வரும் ஆச்சிமார் பலர் கட்டி என்று சொல்லி வருவதில்லை. சட்டையில் கறை, கிட்டப் போனால் நாற்றம். குளிக்க வார்க்கும் மகள்தான் முதலில் காண்கிறாள். சுகவனிதையர் கிளினிக்கும் முக்கியமாக 35, 45 வயதுப் பெண்களையே தேடுகிறது. எண்பதைத் தாண்டியவரின் மார்பை யாரும் பார்ப்பதில்லை.

"இந்த வயசில என்ன வைத்தியம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். புண்ணின் கோலம் அப்படிக் கேட்க வைக்கும். ஆனால் இந்த வயதில் வருவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியுள்ள, ஆறுதலாக வளரும் வகை. சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயொப்சியில் அது உறுதியானால், எலும்புக்குப் பரவியிருந்தாலும், ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரொசோல் 2.5 மில்லிகிராம் குளிசை நாளுக்கொன்று பலரில் நோயை நெடுநாள் அடக்கி வைக்கும். கட்டி சுருங்க மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். ஒரு மாதத்தில் "கேட்கல்ல" என்று குளிசையை நிறுத்துவதுதான் பெரிய இழப்பு. குளிசையால் மூட்டு வலிக்கலாம், எலும்பும் தேயலாம். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்தளவில் தவறு நடக்கும் இடம் சிறுநீரகம். தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் டெசிலீட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்றால் ரிப்போர்ட்டில் சரியாகவே தெரியும். 85 வயது, 40 கிலோ ஆச்சிக்குச் சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் கணக்குப் போடுங்கள்: 140இல் 85 போக 55, அதை 40ஆல் பெருக்கி, 72ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 26 மில்லிலீட்டர்தான். தசை வற்றியதால் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறவில்லை, அவ்வளவுதான். 30க்குக் கீழ் என்றால் எலும்புக்கான சொலெட்ரோனிக் அமிலம் ஏற்றக்கூடாது. வலிக்கு டைக்ளோபெனக் வேண்டாம். மோர்பின் தேவையானால் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, இடைவெளியைக் கூட்டி, மலமிளக்கியோடு கொடுக்க வேண்டும்.

"வயசு போனா அப்படித்தான்" என்ற பேச்சு சில விடயங்களை மறைத்துவிடும். முதுகுவலி முள்ளந்தண்டுக்குப் பரவியதாக இருக்கலாம். அதோடு கால் சோர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், நாள் பிந்தினால் நடை திரும்பாமலே போகலாம். திடீரென வந்த தடுமாற்றம், தாகம், மலச்சிக்கல் என்றால் இரத்தத்தில் கல்சியம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் மருந்து கட்டும்போது காய்ந்த துணியைப் பிய்த்து எடுக்கக்கூடாது. சேலைனால் ஊறவைத்தே எடுக்க வேண்டும். நாற்றத்துக்கு மெட்ரொனிடசோல் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவி, ஒட்டாத வாசலின் துணியை மேலே வைத்துக் கட்டலாம். தலைமாட்டில் கடும் நிறத் துவாய் ஒன்று இருக்கட்டும்: இரத்தம் பாய்ந்தால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம்; வெள்ளைத் துணியில் சிவப்பைக் கண்டு ஆச்சி பயப்படவும் மாட்டா.