37 டிகிரியில் நின்றுபோன நரம்பு

"சார், 37 டிகிரி வச்சா ஸ்பைக்கே வரல" என்று, நரம்பில் எழ வேண்டிய மின்துடிப்பு (ஸ்பைக்) வராததைப் பற்றி அந்த மாணவி சொன்னபோது உடனே பதில் சொல்லியிருக்கலாம். "ஏன்னு நீயே யோசிச்சுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். செய்தது சரிதானா என்று இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நரம்புச் சோதனைக்குத் தவளைக் கால் போய், நரம்பு வேலை செய்வதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் 'நியூரான்' மென்பொருள் லேபில் வந்துவிட்டது. அதிலுள்ள மாடல், ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் ஊசிக் கணவாய் என்ற கடல் உயிரியின் தடித்த நரம்பிழையில் அளந்து 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகள். வெப்பநிலை 6.3 டிகிரி என்று முன்பே போட்டிருக்கும், யாரும் தொட மாட்டார்கள். இவள் டாக்டராகப் போகிறவள், மனித உடம்பின் சூட்டை வைத்துப் பார்த்திருக்கிறாள். விர்ரென்று ஏறி இறங்க வேண்டிய கோடு சின்ன மேடாக எழுந்து அடங்கிவிட்டது.

காரணம் அழகானது. நரம்புச் சவ்வில் சோடியத்தை உள்ளே விட்டு மின்னழுத்தத்தை ஏற்றும் வாயில்களும், பொட்டாசியத்தை வெளியே விட்டு அதை இறக்கும் வாயில்களும் உண்டு. 10 டிகிரி கூடினால் இவை திறந்து மூடும் வேகம் 3 மடங்காகும் என்பது மாடலின் கணக்கு. 6.3-இல் இருந்ததைப் போல 37-இல் அது ஏறக்குறைய 29 மடங்கு. சவ்வு மின்னேற்றம் பெறும் வேகமோ அந்த அளவுக்குக் கூடாது. மின்னழுத்தம் ஏறுவதற்குள் சோடியம் வாயில் அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வாயில் திறந்துவிடும். நிஜக் கணவாய் நரம்பும் சூடு மிஞ்சினால் நின்றுவிடும். நம் நரம்புகளின் வாயில்கள் வேறு, 37-இல் வேலை செய்யவே அமைந்தவை.

இதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். ஹக்ஸ்லி அந்தக் கோட்டைக் கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டவர். எந்த வாயில் எப்போது திறக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் அவருக்குத் தெரிந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு ஒரு கிளிக்கில் படம் வந்துவிடுகிறது. அது வராமல் போன ஒரு நிமிஷத்தையும் நான் ஏன் பறிக்க வேண்டும்?

ஆனால் ரெக்கார்டு நோட்டில் எல்லோரையும் போல 6.3 படம்தான் ஒட்டியிருந்தாள். 37 பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன். "நான்தான் தப்பா பண்ணிட்டேன்னு நினைச்சு மாத்திட்டேன் சார்." அப்புறம் உட்காரவைத்து விளக்கினேன். தலையாட்டினாள். அன்று என் முகத்தில் அவள் என்ன பார்த்தாள் என்றுதான் யோசிக்கிறேன். வாத்தியார் பதில் சொல்லாமல் நகர்ந்தால் அது தப்பு என்றுதானே பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள்? அதற்காக, கேட்டவுடன் பதிலைக் கையில் கொடுத்துவிடுவதா? அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது ஒவ்வொரு பேட்சிலும் 37 வைத்துப் பார்க்கச் சொல்லி நானே சொல்கிறேன். எல்லோரும் வைக்கிறார்கள், காரணத்தையும் சரியாக எழுதுகிறார்கள். "ஏன் சார் வரல?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.