வாடகை ஒப்பந்தத்தை மார்க்கச் சட்டப்படி எழுதிய அனுபவம்

என் தந்தை வஃபாத்தான பிறகு என் பங்காக வந்த சிறு வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தபோது, தெரிந்த ஒருவரின் பழைய ஒப்பந்தத்தைப் படியெடுத்துப் பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும் என்று எண்ணினேன். தொழுகையிலோ நோன்பிலோ சந்தேகம் வந்தால் உடனே மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் போய் நிற்கும் நான், வாடகையைப் பற்றி அவர்களிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குடிவர இருந்தவர்தான், "கையெழுத்துப் போடுமுன் ஓர் ஆலிமிடம் காட்டிவிடலாமே" என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

ஆலிம் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எதை விற்கிறீர்கள்?" என்று கேட்டார். விற்கவில்லை, வாடகைக்குத்தான் விடுகிறேன் என்றேன். இஜாரா எனப்படும் வாடகை ஒப்பந்தமும் விற்பனைதான் என்றும், வீடு உங்களுடையதாகவே இருக்க அதில் வசிக்கும் பயனை மட்டும் விற்கிறீர்கள் என்றும், ஆகவே எந்தப் பயன், எவ்வளவு காலம், என்ன வாடகை ஆகிய மூன்றும் இருவருக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். எங்கள் தாளில் மாத வாடகை இருந்தது; எத்தனை மாதம் என்பது இல்லை. 'ஒவ்வொரு மாதமும் இவ்வளவு' என்று மொத்தக் காலத்தைச் சொல்லாமல் விடுவது, மார்க்கச் சட்டப் பள்ளிகளில் (மத்ஹபுகளில்) ஒன்றான ஷாஃபி மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் முதல் மாதத்துக்கு மட்டும் உறுதியாகும். நான் ஷாஃபி, குடிவர இருந்தவர் ஹனஃபி. ஓர் ஆண்டு என்று எழுதியதும் இருவருக்கும் பொருந்தியது. மத்யன் என்ற ஊரில் நபி மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டுகள் கட்டாயம் என்றும், பத்தாக நிறைவு செய்வது அவர்களின் விருப்பம் என்றும் பிரித்துப் பேசப்பட்டதை குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் பலமுறை ஓதியிருக்கிறேன். அதில் இப்படியொரு பாடம் இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முன்பணத்தில்தான் அதிக நேரம் சென்றது. குடிவர இருந்தவர் கூடுதலாக முன்பணம் தந்தால் வாடகையைப் பாதியாகக் குறைப்பதாக நான் வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். அதை உதவியாகவே கருதினேன். அந்தப் பணத்தை என்ன செய்வீர்கள் என்று ஆலிம் கேட்டார். ஒரு கடனை அடைப்பேன், அவர் காலி செய்யும்போது திருப்பித் தருவேன் என்றேன். நீங்கள் செலவழித்துவிட்டுத் திருப்பித் தரும் பணம் அமானத் (நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்) அல்ல, கடன். கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காகவே வாடகைக் குறைப்பைப் பெற்றால் அது வட்டியாகிவிடும் என்றார். பெருந்தொகையைக் கொடுத்து வாடகையே இல்லாமல் குடியிருக்கும் ஒத்தியும் இதே காரணத்தால் தடுக்கப்படுகிறது. வட்டி என்றால் வாங்குபவரின் பாவம் என்று மட்டுமே நினைத்திருந்த நான், கொடுப்பவனாக என் பெயரும் அதில் சேர இருந்ததை எண்ணி நடுங்கினேன். அந்தப் பேச்சைக் கைவிட்டு, வாடகையை நியாயமான அளவில் வைத்து, சிறு தொகையை மட்டும் பிணையாக வாங்கி அதைத் தொடாமல் தனியே வைத்தேன்.

தாமதமானால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்ற வரியும் நீக்கப்பட்டது. கொடுக்க வேண்டிய வாடகை கடனாகிவிட்ட பிறகு அதன் மேல் கூடும் தொகையை நான் அனுபவிக்க முடியாது. வசதியிருந்தும் இழுத்தடித்தால் ஒரு தொகையைத் தர்மத்துக்குத் தருவதாக வாடகைதாரர் வாக்களிக்க இக்கால அறிஞர்கள் பலர் இடமளிக்கிறார்கள். நாங்கள் அதையும் எழுதவில்லை.

'எந்தச் சேதமானாலும் குடியிருப்பவரே பொறுப்பு' என்ற வரியை ஆலிம் இரண்டுமுறை படித்தார். வாடகைதாரரின் கையில் வீடு அமானத்தாக இருக்கிறது. அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ ஈடு செய்ய வேண்டும், கூரை தானாக ஒழுகினால் அவர்மீது ஏதுமில்லை. வசிக்க முடியாதபடி வீடு பழுதாகி நான் சரிசெய்யாமல் விட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. இது எழுதப்படுவதைக் கண்டபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்த வரி அவரை எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்பதும், சொல்லத் தயங்கியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தன.

எழுந்து புறப்படும்போது, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவரின் கூலி முடிந்ததா என்று ஆலிம் கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். எவ்வளவு பேசியிருந்தீர்கள் என்றார். எதுவும் பேசவில்லை, "பார்த்துக் கொடுங்கள்" என்று அவர் சொன்னார், நானும் பார்த்துக் கொடுத்தேன். கூலியைக் குறிப்பிடாத ஒப்பந்தம் பழுதானது என்றும், வேலை முடிந்துவிட்டதால் அதே வேலைக்கு வழக்கத்தில் பிறர் கொடுக்கும் கூலி அவருக்குச் சேர வேண்டும் என்றும் கூறி, மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸை (நபிமொழியை) நினைவூட்டினார். அந்த மூவரில் ஒருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன். புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸை நான் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

விசாரித்ததில், நான் கொடுத்தது வழக்கமான கூலியில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று தெரிந்தது. மீதியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். முதலில் வாங்க மறுத்தார். அன்பளிப்பு என்று நினைத்துவிட்டார். "இது உங்கள் ஹக், உங்கள் உரிமை, இத்தனை நாள் என்னிடம் தங்கிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகே கை நீட்டினார். மழைக்குமுன் கூரையைப் பார்க்க அவரையே அழைத்தேன். ஏணியில் ஏறுவதற்கு முன்பே கூலியை இருவரும் பேசி முடித்தோம்.