பூசானுக்குப் போன 130 பேர்

வறுமை ஒழிப்பு என்றாலே சுயதொழில் கடன், இலவசத் தையல் இயந்திரம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இயந்திரம் சரி, ஆர்டர் யார் தருவார்?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1979இல் சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸ் 130 பேரைத் தென்கொரியாவின் பூசானுக்கு அனுப்பியது. அங்கே தேவூ என்ற கொரிய நிறுவனத்தின் ஆலையில் ஆறு மாதப் பயிற்சி. தைப்பது மட்டுமல்ல, தரம் பார்ப்பது, ஏற்றுமதி வேலைகள் என எல்லாம். திரும்பி வந்தவர்களில் நூறு பேருக்கு மேல் சில வருடங்களில் விலகி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள் அல்லது புது ஆலைகளில் சேர்ந்தார்கள். முதலாளிக்கு வயிறு எரிந்திருக்கும், நாட்டுக்கு லாபம்! கைக்காசு போடாமல், வந்த ஆர்டரைக் காட்டியே வங்கியில் எல்.சி. (விற்பவருக்குப் பணம் வந்து சேரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்து துணி இறக்குமதி செய்யும் வசதியும் சேர்ந்துகொண்டது. இன்று அந்நாட்டு ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். தைப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 2013 ஏப்ரலில், அங்கே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே விரிசல் தெரிந்தது. சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டித்தான் உள்ளே அனுப்பினார்கள். வெளிநாட்டு பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு அப்புறம்தான்.