எங்கள் ஆச்சி

ஆச்சி தவறி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் "பாவம், கஷ்டப்பட்டே போய்ச் சேர்ந்துட்டா" என்றார்கள். கஷ்டம் உண்மைதான். ஆனால் ஆச்சியைப் பரிதாபமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முக்கூடலில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். தாமிரபரணிக் கரை ஊர், அந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிற பீடி இலையைப் பீடிக் கடையில் எடை போட்டு வாங்கி, நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, மறுநாள் தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, 25 பீடி ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 1000 பீடி சுற்ற ஒரு முழுப் பகல் போய்விடும், சமையல், துணி, பிள்ளைகள் எல்லாம் அதற்கு நடுவில்தான். கொடுத்த இலை சொத்தையாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். ஆச்சி அதை மட்டும் பொறுக்கவே மாட்டாள். சொத்தை இலையைக் கடை வாசலில் எல்லார் முன்னாலும் விரித்துப் போட்டுவிட்டு, நல்ல இலை வாங்காமல் திரும்ப மாட்டாளாம்.

மத்தியானம் தெருப் பெண்கள் எல்லாரும் பீடி சுற்றும் சொளகோடு (முறத்தோடு) எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். திருநெல்வேலி வானொலியும் இலங்கை வானொலியும் மாறி மாறி ஓடும். கை தன்போக்கில் சுற்றிக்கொண்டிருக்க, ஊர்க் கதை முழுக்க அங்கே அலசப்படும், ஆச்சி சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். பரிதாபம் என்கிறவர்கள் அந்தத் திண்ணையைப் பார்த்ததில்லை.

தாத்தா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுச் செலவு முழுக்க ஆச்சி கைக்கு வந்தது, ஆனாலும் எந்த முடிவையும் அவரைக் கேட்காமல் எடுத்ததில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைக் கட்டுப் போட்டுக் கொடுப்பார், "ஏட்டி, கொஞ்சம் கண்ணை மூடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்" என்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு அவரே கடைக்கும் போவார். ஆம்பிளை பீடித்தட்டு சுமக்கிறான் என்று சிலர் பேசினார்களாம், இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாத்தாவுக்குத் தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதி என்றால் உயிர். அவர் போன பிறகு ஆச்சி சொதி வைத்தாலும் தன் இலையில் ஊற்றிக்கொண்டதே இல்லை.

அந்தக் காலத்தில் பீடி சுற்றத் தெரிந்த பெண்ணுக்குத்தான் சீக்கிரம் மாப்பிள்ளை அமையும் என்பார்கள். ஆச்சியோ அம்மாவைச் சொளகைத் தொடவே விட்டதில்லை. சொந்தக்காரர்கள் ஏசியபோதும், "எங்கூட இது நிக்கட்டும், எம்மவ படிக்கட்டும்" என்று ஒரே பேச்சு. பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976-இல் சட்டம் வந்தது, அதிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஆச்சி, அந்தப் படிவத்தோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அம்மாவை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தாள். அம்மாவின் முதல் சம்பளத்தை அப்படியே முத்துமாலை அம்மன் சன்னிதியில் வைத்துவிட்டு அழுதாளாம்.

எனக்குத் தெரிந்த ஆச்சி இன்னும் கொஞ்சம் இளகினவள். நான் பெரியவளானபோது உளுந்தங்களி கிண்டி, குழியில் நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்ப, கதை சொல்லிச் சொல்லி ஊட்டிவிட்டாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த விரல்களில் புகையிலை வாசம் போகாது. எனக்கு அது ஆச்சி வாசம்.

கடைசிக் காலத்தில் இருமல் படுத்தி எடுத்துவிட்டது. தூள் நெஞ்சில் இறங்கிய வினை.

தென்காசி, நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் பீடி சுற்றும் அம்மாவோ ஆச்சியோ இருந்தால் இருமலை "தூள் இருமல்தானே" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டையிலும் பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்ததற்கு ஆச்சி பென்ஷனுக்காக நடந்த நடை கொஞ்சமல்ல.