"போர்டு போச்சு" என்றார்கள்: தப்பான பயாஸ் ஏறிய ஆர்எக்ஸ் 580-ஐ மீட்ட அனுபவம்

கிராபிக்ஸ் கார்டைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் பயாஸ். அதைச் சிப்பில் எழுதுவதுதான் ஃப்ளாஷ். "ஃப்ளாஷ் ஃபெயில் ஆகிவிட்டது" என்று புலம்புகிற பல நேரங்களில் ஃப்ளாஷ் ஃபெயிலே ஆகியிருக்காது. எழுத்து ஒழுங்காக ஏறியிருக்கும், ஏற்றிய ஃபைல்தான் தப்பாக இருக்கும். என் ஆர்எக்ஸ் 580 (ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு) விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஏஎம்டிவிபிஃப்ளாஷ் (பயாஸ் எழுதும் கருவி) 40000/40000 பைட் எழுதியாயிற்று, 40000/40000 சரிபார்த்தாயிற்று, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று பவ்யமாகச் சொன்னது. செய்தேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு, மதர்போர்டு ஸ்பீக்கரில் ஒரு நெடில், இரண்டு குறில் பீப், கிராபிக்ஸ் கோளாறு என்று.

அந்த 40000 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண். நம் கணக்கில் 262144 பைட், அதாவது 256 கேபி. இது பின்னால் ஒரு இடத்தில் காலை வாரிவிடும், நினைவில் வையுங்கள்.

கார்டு கிரிப்டோ மைனிங்கிலிருந்து வந்த பழைய 8 ஜிபி. மைனிங் ஆட்கள் 1500 மெகாஹெர்ட்ஸுக்கான மெமரி டைமிங்கை (மெமரி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு) 1750, 2000 வரிசைகளுக்கும் காப்பி செய்து வைத்திருப்பார்கள். அந்த மாற்றிய பயாஸுடன் விண்டோஸ் டிரைவர் கையெழுத்துச் சோதனையில் முரண்டு பிடிக்கும், எரர் 43 (சாதனத்தை நிறுத்திவிட்டேன் என்ற விண்டோஸ் பிழை) வரும். அதனால் ஒரிஜினல் பயாஸுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் அதே கம்பெனி, அதே மாடல் பெயர், அதே 8 ஜிபி என்று பார்த்து ஒரு ஃபைலை இறக்கி, கூடவே மைனஸ் எஃப் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றியதுதான் தப்பு. அந்த ஃபைல் சாம்சங் மெமரிக்கு மட்டுமானது. கார்டில் இருந்தது ஹைனிக்ஸ். தொகுப்பின் பக்கத்திலேயே 'மெமரி சப்போர்ட்' என்ற வரியில் அது எழுதியும் இருந்தது. யார் படித்தது!

முதல் வீண் அலைச்சல்

ஒரு சர்வீஸ் கடை. ஸ்லாட்டில் சொருகி, டிஸ்ப்ளே வரவில்லை என்று பார்த்து, பத்தே நிமிடத்தில் தீர்ப்பு: "சார், போர்டு போச்சு. ரீபால் பண்ணிப் பார்க்கலாம், கேரண்டி கிடையாது." ரீபால் என்றால் கார்டின் மூளையான ஜிபியுவைச் சூடாக்கிக் கழற்றி, அடியிலுள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாகப் போட்டு ஒட்டுவது. கடைசியாகக் கார்டில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயாஸ் ஃப்ளாஷ் செய்த பிறகுதான் இப்படி ஆனது என்று நானே சொன்னதற்கு, "அதெல்லாம் சிப்ல சூடு ஏறிப் போறதுதான்" என்று பதில். ஃப்ளாஷ் வரை நன்றாக ஓடிய கார்டுக்கு ரீபால் என்று யாராவது சொன்னால் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரீபால் செய்கிற சூட்டில் உயிரோடு இருக்கும் ஜிபியுவும் போக வாய்ப்புண்டு.

அதற்குப் பதில் வீட்டில் மல்டிமீட்டரை எடுங்கள். கார்டின் 8 பின் பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா, ஸ்லாட் விளிம்பின் 3.3 வோல்ட்டில் ஷார்ட் இருக்கிறதா, இவ்வளவுதான். இரண்டிலும் ஷார்ட் இல்லை, ஃப்ளாஷ் செய்ததிலிருந்துதான் கோளாறு என்றால், சந்தேகப்பட வேண்டியது பயாஸ் இருக்கும் எட்டுக் கால் சிப்பை மட்டுமே.

டூயல் பயாஸ் ஸ்விட்ச் (இரண்டு பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க) உள்ள கார்டாக இருந்தால் (சஃபையர் நைட்ரோ பிளஸ், பவர்கலர் ரெட் டெவில் போன்றவை) நல்ல பக்கத்தில் பூட் செய்து, ஓஎஸ் வந்த பிறகு ஸ்விட்சைக் கெட்ட பக்கம் தள்ளி ஃப்ளாஷ் செய்தால் முடிந்தது. அப்படிப்பட்டவர்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, கொடுத்து வைத்தவர்கள்.

ஒன்றாம் காலும் எட்டாம் காலும்

ஸ்விட்ச் இல்லாத கார்டுக்கு அடுத்த வழி, மதர்போர்டின் இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் பூட் செய்து, ஸ்லாட்டில் இருக்கும் கார்டை ஃப்ளாஷ் செய்வது. மதர்போர்டு பயாஸில் முதல் டிஸ்ப்ளேயை இன்டர்னல் என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை. கார்டு சொருகாமல் இருக்கும்போதே மாற்றி வையுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு கார்டு வேண்டும், அது என்விடியாவாக இருப்பது நல்லது. ஏஎம்டி கருவி என்விடியாவைக் கண்டுகொள்ளாது. இரண்டும் ஏஎம்டி என்றால் 0, 1 என்று எண் போடும். நம்பர் மாறினால் நல்ல கார்டும் படுத்துவிடும்.

இங்கே சிக்கல் என்னவென்றால், கெட்ட பயாஸைப் படிக்கப் போய் மதர்போர்டே லோகோவுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. கார்டு தன் பயாஸைப் படிக்க முடியாதபடி செய்தால் தாண்டிவிடலாம். அதற்குத்தான் பயாஸ் சிப்பின் ஒன்றாம் காலையும் எட்டாம் காலையும் ட்வீசரால் ஷார்ட் செய்யும் வித்தை. ஒன்றாம் கால் சிப் செலக்ட். அது கீழ் வோல்டேஜுக்கு இறங்கும்போதுதான் சிப் பேசும். எட்டாம் கால் 3.3 வோல்ட். இரண்டையும் சேர்த்துவிட்டால் சிப் செலக்ட் மேலேயே நிற்கும், சிப் வாயைத் திறக்காது.

சிப்பின் மூலையில் புள்ளி இருக்கும் இடம் ஒன்றாம் கால். அதற்கு நேர் எதிரே இருப்பது எட்டாம் கால். மூலைக்கு மூலை போகக் கூடாது! நாலாம் கால் கிரவுண்ட். அதை எட்டுடன் சேர்த்தால் 3.3 வோல்ட் லைனையே ஷார்ட் செய்ததாகிவிடும். புள்ளி தெரியவில்லை என்றால் போர்டில் அச்சிட்ட அடையாளத்தைப் பாருங்கள், இல்லையேல் பவர் இல்லாமல் மல்டிமீட்டரில் எந்தக் கால் கிரவுண்ட் என்று கண்டுபிடித்து அதிலிருந்து எண்ணுங்கள்.

இரண்டு முறை தோற்றதற்குக் காரணம் ட்வீசரைச் சீக்கிரம் எடுத்ததுதான். லோகோ வந்ததும் எடுத்தால் அதன் பிறகும் கார்டைப் படிக்க முயன்று மெஷின் நின்றுவிடும். ஓஎஸ் முழுதாக வந்த பிறகே எடுக்க வேண்டும். விண்டோஸ் வரும்வரை நடுங்காத கையோடு பிடித்திருப்பது சித்தர் வேலை. ஃப்ரீடாஸ் (டாஸ் வகைச் சின்ன ஓஎஸ்) போட்ட பென் டிரைவ் என்றால் சில நொடிதான். ஆனால் அதற்கு மதர்போர்டில் சிஎஸ்எம் (பழைய பாணி ஓஎஸ்களை பூட் செய்யவிடும் வசதி) வேண்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் சிஎஸ்எம் வேலை செய்யாது. அங்கே லினக்ஸ் லைவ் பென் டிரைவ்தான், செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு. ஃப்ரீடாஸில் இன்னொரு சின்ன எரிச்சல்: ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 'ஃபைல் இல்லை' என்று வந்தால் பெயரைச் சுருக்குங்கள்.

ஷார்ட் எடுத்த பிறகு ஃப்ளாஷ் கருவிக்கு மைனஸ் ஐ கொடுத்தால் அடாப்டர் எண், 67டிஎஃப் என்ற டிவைஸ் ஐடி, சிப் வகை, ரோம் அளவு எல்லாம் வரிசையாக வர வேண்டும். வந்தால், பூட்டைத் திறக்க அன்லாக்ரோம் கட்டளை, பிறகு எழுத மைனஸ் பி, ஆட்டம் முடிந்தது. (6எஃப்டிஎஃப் என்று வந்தால் அது 2048எஸ்பி, ஷேடர் எனும் கணக்கிடும் கோர்கள் 2048 மட்டும். 580 என்று சொல்லி விற்கப்படும் அதன் தம்பி. 2304 ஷேடர் கார்டின் பயாஸை அதில் ஏற்றப் பார்க்காதீர்கள்.) எனக்கு வந்தது 'அடாப்டர் கிடைக்கவில்லை'. நாலு முறை அதே பதில். கூலரைக் கழற்றினால்தான் சிப் தெரியும் என்ற அமைப்புள்ள கார்டுக்கு இந்த வித்தையே வேண்டாம். கூலர் இல்லாமல் பவர் கொடுக்க முடியாது.

புரோகிராமர்

அதனால் சிப்பிலேயே நேரடியாக எழுதும் கருவிக்குப் போனேன். சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் சேர்ந்து சில நூறு ரூபாய். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் கேட்டால் 'பயாஸ் புரோகிராமர்' என்றே எடுத்துக் கொடுப்பார்கள். கறுப்பு போர்டு மாடலில் ஒரு பழைய குறை உண்டு: சிப்புக்குப் போகும் பவர் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா லைன்கள் 5 வோல்ட்டில் ஆடும். பெரும்பாலான சிப்கள் தாங்கிக்கொள்கின்றன என்பதற்காக அது சரியாகிவிடாது. வோல்டேஜ் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் உள்ள மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வாங்கும் முன் சிப்பின் மேல் எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். எம்எக்ஸ்25எல், ஜிடி25க்யூ என்று தொடங்கினால் 3.3 வோல்ட். எம்எக்ஸ்25யு, ஜிடி25எல்க்யூ, வின்பாண்டில் டபிள்யூ25க்யூ80ஈடபிள்யூ போல ஈடபிள்யூ என்று முடிபவை 1.8 வோல்ட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகள் பலவற்றில் 1.8 தான். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் தொட்டால் சிப் போய்விடும். என் கார்டில் (ஆர்எக்ஸ் 580 போலாரிஸ் குடும்பம்) இருந்தது 3.3 வோல்ட், 4 மெகாபிட் சிப்.

கிளிப்பின் சிவப்பு வயர் ஒன்றாம் காலுக்கு. புரோகிராமர் பக்கம் 25 என்று குறித்த பாதியில் சொருக வேண்டும், 24 என்பதில் அல்ல. இதெல்லாம் சரியாக இருந்தும் முதலில் சிப் ஐடி எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப், அதாவது சிப் பேசவில்லை. கிளிப்பை ஆட்டி வைத்தால் ஐடி வந்தது. மூன்று முறை படித்தேன், மூன்று எம்டி5-ம் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) மூன்று விதம். இந்த இடத்தில்தான் ஒரு முழுநாள் போனது. கிளிப் தேய்ந்துவிட்டது, வயர் நீளம் என்று எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. சிப்பின் எட்டாம் கால் கார்டின் 3.3 வோல்ட் லைனோடு சேர்ந்தது. புரோகிராமரின் சுண்டைக்காய் ரெகுலேட்டர் சிப்புக்கு மட்டுமல்ல, அந்த லைனில் தொங்கும் எல்லாவற்றுக்கும் தீனி போட வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் இறங்குகிறது, ஜிபியு அரைத்தூக்கத்தில் டேட்டா லைனை இழுக்கிறது. மல்டிமீட்டரில் எட்டாம் காலைப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும்: 2.4 வோல்ட்.

இந்த நிலையில் எழுதவே எழுதாதீர்கள். சிப்பைக் கழற்றிவிடுங்கள். சுற்றிலும் காப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்), நிறைய ஃப்ளக்ஸ், கால்களில் கொஞ்சம் ஈயம் கலந்த சால்டர் சேர்த்து, ஹாட் ஏரை 350 டிகிரி சுற்றில் வைத்தால் தானாக மிதக்கும். மிதக்கும் முன் நெம்பினால் பேட் (கால் ஒட்டியிருக்கும் செப்புத் திட்டு) உரியும். உரிந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெளியே எடுத்த சிப்பை அடாப்டரில் வைத்துப் படித்தால் இரண்டு முறையும் ஒரே எம்டி5. அந்தத் தப்பான டம்ப்பையும் (சிப்பிலிருந்து படித்த நகல்) பத்திரப்படுத்திக்கொண்டு எழுதப் போனால், ஃப்ளாஷ்ரோம் (சிப்பில் எழுதும் மென்பொருள்) மறுத்தது: ஃபைல் 262144 பைட், சிப் 524288 பைட், அளவு பொருந்தவில்லையாம். 256 கேபி ஃபைலுக்குப் பின்னால் மீதி 256 கேபியை எஃப்எஃப் போட்டு நிரப்ப வேண்டும். அழித்த சிப்பின் வெற்று நிலை எஃப்எஃப் தான், பூஜ்ஜியம் அல்ல. ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு நிமிட வேலை. நிரப்பும்போது ஃபைலின் முதல் இரண்டு பைட் 55 ஏஏ என்று இருக்கிறதா, ஹெக்ஸ் 30 என்ற ஆஃப்செட்டில் (ஃபைலில் அந்த இடத்தில்) 761295520 என்ற எழுத்து வருகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது ஏஎம்டி பயாஸே அல்ல.

எந்த ஃபைல்

இந்த முறை கூலரைக் கழற்றி மெமரி சிப்பின் மேல் எழுத்தையே படித்தேன். கே4ஜி80325எஃப்பி என்றால் சாம்சங், எச்5ஜிக்யூ8எச்24 என்றால் ஹைனிக்ஸ். மைக்ரான் முழுப் பெயரை எழுத மாட்டான். டி9 என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியை மைக்ரான் தளத்தில் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெக்பவர்அப்பில் 'சரிபார்க்கப்படாதவை' பகுதியில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) வழியாக யார் யாரோ ஏற்றியவை இருக்கும், மைனிங் பயாஸ்களும் அதில் கலந்திருக்கும். சரிபார்க்கப்பட்ட பட்டியலிலிருந்தே எடுங்கள். கார்டு உயிரோடு இருக்கும்போதே ஜிபியு-இசட் மெமரி கம்பெனியைச் சொல்லிவிடும். ஃப்ளாஷுக்கு முன் அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

அழி, வெற்றா என்று பார், எழுது, சரிபார். நாலும் ஒழுங்காக நடந்தன. சிப்பைத் திரும்ப ஒட்டினேன்.

உரிந்த பேட் ஏழாம் கால். ஹோல்ட் பின். அது கீழே இறங்கினால் சிப் பாதியில் நின்றுவிடும், அந்தரத்தில் தொங்கவிட்டால் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, பக்கத்திலேயே எட்டாம் கால் 3.3 வோல்ட். இரண்டு கால்களையும் ஒரு சொட்டு சால்டரில் இணைத்துவிட்டால் ஹோல்ட் எப்போதும் மேலே நிற்கும். வயர் இழுக்கக்கூடத் தேவைப்படவில்லை. இதே இரண்டாம் கால் பேடோ ஐந்தாம் கால் பேடோ போயிருந்தால் தடத்தைத் தேடி வயர் இழுக்க வேண்டியிருந்திருக்கும்.

முதல் பூட்டில் மதர்போர்டு லோகோ கார்டின் வழியாகவே வந்தது. ஜிபியு-இசட்டில் ஹைனிக்ஸ், 2304 ஷேடர், 113-இல் தொடங்கும் பயாஸ் எண் எல்லாம் பொருந்தின. எரர் 43 இல்லை, டிரைவர் பேட்ச் எதுவும் தேவைப்படவில்லை. லோகோ வந்ததும் கொண்டாடாதீர்கள், டைமிங் ஒத்துப்போகாவிட்டால் லோடு ஏறிய பிறகுதான் திரையில் புள்ளி புள்ளியாக வரும். மெம்டெஸ்ட் வல்கனை (கார்டு மெமரியைச் சோதிக்கும் மென்பொருள்) அரை மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. ரீபாலுக்கு அந்தக் கடை கேட்ட தொகைக்கு இப்படி நாலு புரோகிராமர் வாங்கலாம்.