டீஃபால்ட்டில் தள்ளுபடியானதைக் கணக்கில் சேர்க்கலாமா?

1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் இனி வழக்குப் போடக் கூடாது என்று ஒருவர் மீது உத்தரவு கேட்டால், மொத்த மனுவும் ஓர் அட்டவணையின் மேல்தான் நிற்கும். எந்த நீதிமன்றம், வழக்கு எண், யார் மீது, என்ன பரிகாரம், எந்தத் தேதியில் என்ன முடிவு, அப்பீல் போனதா, போய் என்ன ஆனது. வரிக்கு வரி சான்றிட்ட நகல் வேண்டும். அப்படித் தயாரான ஓர் அட்டவணையில் ஒரு வரியை விரலால் தொட்டு, மனு யார் மீதோ அந்தப் பெரியவர் கேட்டார்: “இதுல ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கலையே வக்கீல் சார். நான் ஆஜராகலைன்னு தள்ளிட்டாங்க. இதை எப்படி ஆதாரமில்லாத வழக்குன்னு எழுதினீங்க?”

“திரும்பக் கோப்புக்கு எடுக்க மனு போட்டிருக்கலாமே ஐயா” என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். சட்டப்படி அதில் தப்பில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 9 அதற்குத்தான் இருக்கிறது. 30 நாள் அவகாசமும் உண்டு. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

1949 சட்டம் கேட்பது இரண்டு. வழக்குப் போடுவதை அவர் வழக்கமாக வைத்திருக்க வேண்டும். நியாயமான காரணம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. எண்ணிக்கை முதலாவதைக் காட்டும், இரண்டாவதைக் காட்டாது. தோற்றதெல்லாம் தொல்லை வழக்கு என்றால் தினமும் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் பாதிப் பேர் தொல்லை வழக்காடிகள்தான். தீர்ப்பில் நீதிபதி என்ன காரணம் எழுதினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். டீஃபால்ட் உத்தரவில், அதாவது வாதி ஆஜராகாததால் தள்ளுபடி செய்யும் உத்தரவில், காரணமே இருக்காது. “வாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி.” அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த வரியை ஏன் சேர்க்க வேண்டும்? எதிர்த்தரப்பின் நிலையைப் பார்த்தால் புரியும். டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி, அப்பீலிலும் ஜெயித்து, நிறைவேற்று மனுவில் சொத்தைக் கையில் வாங்கப் போகிற நேரத்தில் அதே சொத்துக்குப் புது வழக்கு வரும், தடை கேட்டு மனு வரும். அதற்கு எதிருரை போட்டுத் தயாரானதும் வாதி வரமாட்டார். தள்ளுபடியாகும். அடுத்த மாதம் வேறு கோர்ட்டில் வேறு தலைப்பில் வரும். வராமல் போவதே இங்கே உத்தி. அந்த வரிகளை விட்டுவிட்டால் நடந்தது என்ன என்றே அட்டவணையில் தெரியாது.

மற்ற வழிகளும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 11-இல் வழக்குரையை, அதாவது வாதி தாக்கல் செய்யும் மனுவை, தொடக்கத்திலேயே நிராகரிக்கலாம். போலி வழக்கை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று 1977-இல் T. Arivandandam வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னதை எல்லா மனுவிலும் எழுதுகிறோம். ஆனால் அந்த விதியில் வாதி எழுதியதை மட்டும்தான் பார்க்க முடியும். பழைய வழக்கைப் பற்றி அவர் மூச்சே விடாவிட்டால், நம் கையில் உள்ள பழைய தீர்ப்பு அந்தக் கட்டத்தில் உதவாது. முன்தீர்ப்புத் தடையை (ஏற்கெனவே தீர்ந்ததற்கு மறுபடி வழக்கு கூடாது என்பதை) தீர்மானிக்கப் பழைய வழக்கின் வழக்குரை, எழுவினா (நீதிமன்றம் தீர்மானிக்க வகுத்த கேள்விகள்), தீர்ப்பு எல்லாவற்றையும் ஆராய வேண்டும், அது விதி 11-க்குள் அடங்காது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிராகரித்தாலும் விதி 13-இன்படி அதே காரணத்துக்குப் புது வழக்குரை கொண்டுவரத் தடையில்லை. பிரிவு 35ஏ-யில் பொய் வழக்குக்குச் செலவுத்தொகை போடலாம். உச்சவரம்பு 3,000 ரூபாய், 1976 திருத்தத்தில் வைத்தது. வணிக வழக்குகளுக்கு மட்டும் 2015-இல் அந்த வரம்பை எடுத்தார்கள். மற்றவருக்கு இன்றைக்கும் அதே 3,000. அப்பீலுக்கும் சீராய்வுக்கும் அதுவும் கிடையாது. என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று கேவியட் போட்டால் 90 நாளைக்கு முன்னறிவிப்பு கிடைக்கும், வழக்கு நிற்காது.

அதனால்தான் 1949 சட்டம் தேவைப்படுகிறது. அதில் பாதுகாப்பும் நிறைய. பாதிக்கப்பட்டவர் நேராக மனுப்போட முடியாது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நாம் ஆவணக் கட்டைத் தயாரித்து அவர் முன் வைக்கலாம், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அங்கேயே முடிந்தது. எதிராளியைக் கேட்காமல் உத்தரவு இல்லை. அவர் வக்கீல் வைக்க வசதியில்லாதவர் என்றால் நீதிமன்றமே வைத்துக் கொடுக்கலாம். உத்தரவு வந்த பிறகும் கதவு சாத்தப்படுவதில்லை: சென்னையில் உயர் நீதிமன்றத்திடமும் வெளியூரில் மாவட்ட நீதிபதியிடமும் அனுமதி பெற்று வழக்குப் போடலாம், முகாந்திரம் இருந்தால் போதும். 1965-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லும் என்றதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இவ்வளவும் சரி. ஆனாலும் அந்த விரல் தொட்ட வரி உறுத்துகிறது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடுகிறவர் வாய்தா தவறுவது உத்தியாகத்தான் இருக்க வேண்டுமா? பஸ் வராமல் இருந்திருக்கலாம், எந்த ஹால் என்று தெரியாமல் நின்றிருக்கலாம். உத்தியும் இயலாமையும் உத்தரவுத் தாளில் ஒரே வாசகமாகத்தான் பதிவாகின்றன. அவர் போட்ட மற்ற வழக்குகளைப் படித்தவருக்கு இது உத்தி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. மற்றவற்றை வைத்து இதை முடிவுசெய்து, பிறகு இதையும் சேர்த்து மற்றவற்றுக்குப் பலம் தேடுவது நியாயமா என்பதுதான் தெளியவில்லை.

இன்னொன்றும் உண்டு. உத்தரவு அரசிதழில் வெளியாகும், ஆனால் முன்சீப் கோர்ட் ஃபைலிங் கவுண்டரில் அதைத் தேடிப் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. எதிர்த்தரப்புதான் நகலைக் கொண்டுபோய்க் காட்டி, அனுமதியில்லாத வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்ல வேண்டும். உண்மையான சூழ்ச்சிக்காரர் அதற்குள் மனைவி பேரிலோ மைத்துனர் பேரிலோ போட்டுவிடுவார். உத்தரவு அவர்களைத் தொடாது. சொந்தப் பேரிலேயே போட்டுக்கொண்டிருக்கும் வெள்ளந்தியான மனிதர்தான் முழுசாக மாட்டிக்கொள்வார்.

டீஃபால்ட் வழக்குகளைத் தனி அட்டவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டத்தில் வாதி வராமல் போனார் என்று ஒரு பத்தியும் வைக்கலாம். எதிருரை வந்த மறுவாய்தாவிலா, இடைக்காலத் தடை மறுக்கப்பட்ட பிறகா, சாட்சிக்கு நின்றபோதா. அப்போது உத்திக்கு ஓர் ஒழுங்கு தெரியும், இயலாமைக்குத் தெரியாது. சீனியர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை: பிரித்து வைத்தால் நாமே சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும், எண்ணிக்கையும் குறைந்து தெரியும் என்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் நிற்காத மனுவை அட்வகேட் ஜெனரலிடம் கொண்டுபோகலாமா என்று திருப்பிக் கேட்டால், டிக்ரியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற கட்சிக்காரரைக் காட்டுகிறார்கள்.